கரிமூட்டத்துக்குப் போகும் சீமைக் கருவேலத்தில் பலகை அறுக்கலாம், வேலை மேசை செய்யலாம்

விருதுநகர் மாவட்டத்தில் தரிசைத் திருத்தும்போது வெட்டப்படும் சீமைக் கருவேலம் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்குத்தான் போகிறது. ஒன்று கரிமூட்டம், இன்னொன்று விறகு எரிக்கும் ஆலைகள். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி பக்கம் மரம் டன் கணக்கில் எடை போட்டு வாங்கப்படுகிறது. விரல் மொத்தக் கிளைக்கும், ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அடிமரத்துக்கும் ஒரே விலை. நட்டம் இங்கேதான். கிளை கரியாகட்டும், தவறில்லை. 15, 20 ஆண்டு தரிசாகக் கிடந்த பட்டா நிலத்தில் பருத்து நிற்கும் அடிமரத்தையும் சேர்த்துக் கரியாக்குவது, நல்ல நெல்லைத் தவிட்டு விலைக்குப் போடுவது போல.

இந்த மரத்தை நாம் முள்ளாகவும் விறகாகவும் மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அர்ஜென்டினாவிலும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலும் இதன் உறவு மரங்களில் கதவு, மேசை, தரைப்பலகை செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். வெளிப்புற மஞ்சள் கட்டையைக் கழித்தால் உள்ளே செம்பழுப்பு நிறத்தில் வைரம் இருக்கும். அது கடினமானது, உலரும்போது குறைவாகவே சுருங்கும். முறுக்கிக்கொள்வதும் குறைவு. உளி வைத்துச் சுத்தியல் அடிக்கும் வேலை மேசைக்கு இந்தக் குணங்கள்தான் தேவை.

குறை இல்லாமல் இல்லை. மரம் நேராக வளராது. ஐந்தடிக்கு மேல் நேர்க்கட்டை கிடைப்பது அரிது. சில அடிமரங்களில் உள்ளே வளைய வெடிப்பு இருக்கும், அறுத்த பிறகுதான் தெரியும். கட்டையின் அளவில் பாதிக்கு மேல் நல்ல பலகை எதிர்பார்க்காதீர்கள். ஆகவே விற்பனைக்கு அறுப்பதை நான் சிபாரிசு செய்யவில்லை. சொந்த உபயோகத்துக்கு அறுத்தால் கட்டுப்படியாகும்.

வெட்டுவதற்கு முன்

மரம் உங்கள் பட்டாவில் நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கண்மாய், ஓடை, புறம்போக்கு, சாலையோர மரங்கள் உங்களுடையவை அல்ல. ஏலம் எடுத்தவர் மட்டுமே வெட்டலாம். கட்டையை வண்டியில் ஏற்றுவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பக்கத்தில் பனை நின்றால் அதைத் தொடாதீர்கள். பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவிக்கப்பட்டது.

நெஞ்சு உயரத்தில் சுற்றளவு இரண்டரை அடிக்குக் குறைந்த மரம் பலகைக்கு ஆகாது. மூன்றடி இருந்தால் நல்லது. தை, மாசியில் வெட்டுங்கள். கோடையும் ஆடிக்காற்றும் உலர்த்தும் வேலையைச் செய்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் பலகை தயாராகும். அடிக்கட்டையை வேரோடு எடுத்துவிடுங்கள். தரைமட்டத்தில் அறுத்துவிட்டால் அடுத்த மழைக்கே தழைத்து நிற்கும்.

வேலியோர மரம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். எப்போதோ அடித்த ஆணியும் முள்கம்பியும் மரத்துக்குள் புதைந்திருக்கும். மில்லில் பட்டை ரம்பம் அதில் பட்டு அறுந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். ஆளுக்கும் ஆபத்து. சந்தேகமான அடிப்பகுதியை ஒதுக்கி விறகில் சேருங்கள்.

எவ்வளவு கட்டை தேவை?

நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குல மொத்தமுள்ள மேசைக்குக் கால், குறுக்குச்சட்டம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய மூன்று கன அடி இழைத்த மரம் வேண்டும். மூன்றடிச் சுற்றளவும் நாலரை அடி நீளமும் உள்ள கட்டை நான்கு இருந்தால் தைரியமாக இறங்கலாம்.

மர வியாபாரத்தில் கன அடி போடும் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். வேம்பு, வாகை விற்கும்போதும் உதவும். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். சுற்றளவு 4 அடி, நீளம் 5 அடி என்றால் 5 கன அடி. ஆனால் அந்தக் கட்டையில் உண்மையாக இருப்பது 6.4 கன அடிக்குச் சற்றுக் குறைவு. அறுப்பில் போகும் கழிவுக்காக வைத்த கணக்கு இது. அதன் மேல் மறுபடியும் ‘கழிவு’ கேட்டால் விவரம் தெரிந்து பேசுங்கள்.

அறுப்பதும் அடுக்குவதும்

வெட்டிய அன்றே கட்டையின் இரு முனைகளிலும் பழைய பெயின்ட் பூசுங்கள். அது இல்லாவிட்டால் கெட்டியாகக் கரைத்த சாணமாவது மெழுகுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாகப் போனால் வெடிப்பு விழும். ஈரம் காய்வதற்குள் மில்லுக்குக் கொண்டு போங்கள், காய்ந்த கருவேலம் ரம்பத்தைச் சாப்பிட்டுவிடும். இரண்டு அங்குலப் பலகை வேண்டுமென்றால் இரண்டேகால் அங்குலமாக அறுக்கச் சொல்லுங்கள். கட்டையின் நட்டநடு மையம் எந்தப் பலகையிலும் வரக்கூடாது, அது வெடிக்கும். சங்கிலி ரம்பத்தில் சட்டம் பொருத்தி வயலிலேயே பலகை அறுப்பவர்களும் உண்டு. கட்டையைத் தூக்க முடியாத இடத்துக்கு அது சரி. ஆனால் மரம் அதிகம் வீணாகும், பழகாத கைக்கு அது வேண்டாம்.

மஞ்சள் கட்டையை மில்லிலேயே கழித்துவிடுங்கள். மாவுப்பூச்சி போல் தூள் கொட்டவைக்கும் துளைப்பான் வண்டு அதில்தான் ஏறும். கொஞ்சம் மிஞ்சினால் 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் போராக்ஸும் 200 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பச்சைப் பலகையில் இரண்டு முறை பூசுங்கள். மாட்டுத் தொட்டி, தீவனம் பக்கம் இந்தக் கரைசல் போகக்கூடாது.

நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இடையே ஒரு அங்குலக் குச்சிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வையுங்கள். கீழ்வரிசைக் குச்சிக்கு நேர் மேலே மேல்வரிசைக் குச்சி வரவேண்டும், இல்லாவிட்டால் பலகை வளையும். உச்சியில் நாலு கல்லை ஏற்றுங்கள். ஒரு சிறு பலகையை அடையாளம் வைத்து 15 நாளுக்கு ஒருமுறை எடை போடுங்கள். இரண்டு முறை தொடர்ந்து எடை குறையவில்லை என்றால் மரம் காய்ந்துவிட்டது.

மேசை

உயரத்துக்கு அங்குலக் கணக்கு வேண்டாம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுதான் உங்கள் மேசையின் உயரம். கால்கள் மூன்றுக்கு மூன்று அங்குலம். குறுக்குச்சட்டத்தின் முனையை நாக்கு போல் செதுக்கி, காலில் உளியால் தோண்டிய துளைக்குள் இறுக்கமாக இறக்குங்கள். மேலும் கீழுமாக இரண்டு வரிசைச் சட்டம் போட்டால் ஆடாது. மேல்பலகைக்கு மூன்றரை அங்குல அகலத்தில் ஏழு துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து, அடியிலிருந்து திருகாணி போடுங்கள். அகலப் பலகை கிடைக்காத மரத்துக்கு இதுவே தோது. துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணி வளையும் அல்லது மரம் பிளக்கும். ஓரத்தில் ஒரு இரும்பு வைஸ் பொருத்திவிட்டால் மண்வெட்டிக்குக் காம்பு போடுவதும், ஸ்பிரேயர் பழுது பார்ப்பதும், மோட்டார் கழற்றுவதும் வீட்டிலேயே நடக்கும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. பட்டாசு ஆலையை ஒட்டிய நிலத்தில் முள்ளைக் குவித்துத் தீ வைக்காதீர்கள், காற்று எந்தப் பக்கம் வீசினாலும் சரி. சங்கிலி ரம்பத்தின் புகைக்குழாயிலிருந்தும், ஆணியில் படும் பல்லிலிருந்தும் பொறி வரும். ஆலைக்கு அருகே மரம் வெட்டுவதாக இருந்தால் முதலில் அவர்களிடம் சொல்லி, வேலை நடக்காத நாளில் வெட்டுங்கள். வீட்டில் யாராவது மருந்து வேலைக்குப் போய் வருபவராக இருந்தால், அந்த உடையோடு உளி தீட்டும் கிரைண்டர் பக்கம் நிற்கவே கூடாது. குளித்து, உடை மாற்றிய பிறகுதான் மேசைக்கு வரவேண்டும். மேசை இருக்கிறதே என்று அதில் திரி வெட்டுவது, வெடி கட்டுவது போன்ற வேலைகளுக்கு இடம் கொடுக்காதீர்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் பட்டாசு வேலை செய்வது குற்றம். மரத்தூளும் அங்கே கிடக்கும்.

முள் குத்தினால் அப்படியே விடாதீர்கள். சீமைக் கருவேல முள் உள்ளே முறிந்து சீழ் வைக்கும். தடித்த செருப்பு போதாது, பூட்ஸ் போட்டு வெட்டுங்கள். இழைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், தூள் பலருக்குத் தும்மலும் கண் எரிச்சலும் தரும்.