இலை நுனியில் ஒரு கை

சிங்கப்பெருமாள் கோவிலில் அனுமந்தபுரம் சாலைப் பக்கம் புதுவீடு கட்டிக் குடிவந்திருக்கும் வாசகி ஒருவர், கடிதத்தோடு ஒரு படத்தையும் அனுப்பியிருந்தார். இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டு வாசல். கதவுக்கு மேலே வளைவு முழுக்க உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூக்கள். கிளமேட்டிஸ் கொடி. பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஆசை விடவில்லையாம். ஊட்டியிலிருந்து ஒரு செடி வாங்கிவந்து மாடியில் வைத்தார். மாசி வரை தாக்குப்பிடித்தது. பங்குனி வெயிலில் நுனியிலிருந்து கருகி, சித்திரையில் வெறும் குச்சியாகிவிட்டது. "என்ன உரம் போட்டிருந்தால் பிழைத்திருக்கும்?" என்று கேட்டிருந்தார்.

எந்த உரத்தாலும் பிழைத்திருக்காது அம்மா. உங்கள் வளர்ப்பில் குறை ஒன்றும் இல்லை. அந்தக் கொடிக்குக் கிடைக்காமல் போனது குளிர். பனிக்காலத்தில் அடங்கிக் கிடந்து, வெயில் திரும்பியதும் துளிர்ப்பது அதன் உடம்பில் ஊறிய பழக்கம். தலைக்கு வெயில், காலுக்கு நிழல் என்பது அதை வளர்க்கிறவர்கள் அங்கே சொல்லும் பாடம். நம் மொட்டைமாடித் தொட்டியில் சித்திரை மதியம் மண்ணைத் தொட்டால் விரல் சுடும். கால் அப்படிக் கொதித்தால் தலை என்ன செய்யும்? கிளமேட்டிஸ் குடும்பத்துக்கு நம் மாநிலத்திலும் ஆட்கள் உண்டு. ஆனால் அவை நீலகிரி போன்ற மலைகளில் இருக்கின்றன. அங்கே காட்டோரமாகப் படரும் ஒன்றுக்கு, 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துத் தாவரங்களைத் தேடித் தேடிப் பதிவுசெய்த ராபர்ட் வைட்டின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அவற்றை அங்கேயே போய்ப் பார்த்து வருவதுதான் நல்லது.

உங்கள் ஆசைக்குரிய கொடி வேறொன்று இருக்கிறது. நீங்கள் ரயிலுக்கு நடக்கும் வழியில்கூட அதைத் தாண்டிப் போயிருக்கலாம்.

கொடிகள் எப்படி மேலே ஏறுகின்றன என்று டார்வின் பல காலம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். 1865இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டதை 1875இல் விரித்துப் புத்தகமாக்கினார். தண்டையே சுற்றி ஏறுபவை, பற்றுக்கம்பி விட்டு ஏறுபவை என்று பிரித்துக்கொண்டு போகிறவர், இலையால் ஏறும் கொடிகள் என்று ஒரு கூட்டத்தைத் தனியாக வைத்தார். இலைக்காம்பை வளைத்துப் பிடித்துக்கொள்ளும் கிளமேட்டிஸ் அந்தக் கூட்டத்தில் இருக்கிறது. இலையின் நுனியால் பிடித்துக்கொள்ளும் இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் நம் காந்தள். செங்காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று ஊருக்கொரு பெயர். தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவது.

பூவைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். நான் இலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆடி மழைக்குப் பிறகு மண்ணைக் கீறிக்கொண்டு முளை வருகிறது. முதலில் விரியும் இலைகளைப் பார்த்தால் விசேஷமாக எதுவும் தெரியாது. மூங்கில் இலைபோல நீளமாக, கூராக முடிந்துவிடும். அப்போது செடிக்குத் தன் காலிலேயே நிற்கும் தெம்பு இருக்கிறது, பிடிமானம் தேவையில்லை. முழங்கால் உயரம் தாண்டியதும் தண்டு ஆடத் தொடங்கும். அதன் பிறகு வரும் இலைகளின் நுனி மெலிந்து, நீண்டு, தூண்டில் முள்போல் வளைகிறது. காற்றில் ஆடும்போது அந்த நுனி பக்கத்துக் குச்சியில் பட்டால் போதும். பட்ட பக்கத்தில் வளர்ச்சி மட்டுப்படும், படாத பக்கம் வேகமாக வளரும். அதனால் நுனி குச்சியைச் சுற்றி வளைந்துவிடும். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு சுற்று முடிந்திருக்கும். இன்னும் இரண்டு நாளில் இழுத்தாலும் வராது, இலைதான் கிழியும்.

என் பேத்தி பிறந்த மூன்றாம் நாள் அவள் உள்ளங்கையில் என் சுண்டுவிரலை வைத்தேன். கண்ணைக்கூடத் திறக்கவில்லை, விரல்கள் மட்டும் மூடிக்கொண்டன. காந்தள் இலை நுனி குச்சியைப் பிடித்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிடிதான் நினைவுக்கு வருகிறது. இத்தனைக்கும் அது பிடிப்பதற்கென்றே தனியாக முளைத்த உறுப்பு இல்லை. பாகற்கொடிக்குப் பற்றுக்கம்பி தனி, இலை தனி. இங்கே ஒரே இலை வெயிலில் சமைக்கவும் வேண்டும், செடியைத் தாங்கவும் வேண்டும். அடிப்பகுதி அடுப்படி, நுனி கை.

போன ஐப்பசியில் ரயில் பாதையோரம் ஒரு சூரைமுள் புதரில் இதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொடியின் அடித்தண்டு புதருக்குள்ளே இருட்டில் இருந்தது. ஆடு வாய்வைக்க முடியாது, வெயிலும் அங்கே எட்டாது. உள்ளேயே ஒவ்வொரு முள்கிளையாகப் பிடித்து ஏறி, புதரின் தலைக்கு மேலே வந்த பிறகுதான் பூத்திருந்தது. தலைக்கு வெயில், காலுக்கு நிழல். இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் சொல்லும் அதே ஏற்பாட்டை நம் ஊர்ச் சூரைமுள் அதற்குச் செய்துகொடுத்திருந்தது.

பூவையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தலைகீழாகத் தொங்கும் பூ அது. ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி, ஓரம் நெளிநெளியாக நிற்கும். முதலில் பச்சை, அப்புறம் கீழே மஞ்சளும் மேலே சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறத்தையும் சேர்ந்தாற்போல் பார்க்கலாம். சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கி, பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாதபடி ஒதுங்கி நிற்கும் ஏற்பாடு. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வேறு பூவிலிருந்து கொண்டுவர வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட உரத்துக்கு வருகிறேன். அதற்கு முன் கிழங்கு. 'ட' எழுத்துப் போலவோ கலப்பை போலவோ இரண்டு கிளையாக இருக்கும். முளைக்கண் கிளைகளின் நுனியில்தான் உண்டு. உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது. நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. எனக்கு முதன்முதலில் கிடைத்த கிழங்கு இரண்டு நுனியும் மழுங்கி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வந்தது. அது தெரியாமல் நான்கு மாதம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தோண்டியபோது கூழாகிக் கிடந்தது. வாங்கும்போது நுனியைப் பாருங்கள், எடையை அப்புறம் பார்க்கலாம்.

தண்ணீர் நிற்காத செம்மண், அதில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், கொஞ்சம் ஆற்று மணல். நான்கு விரல் ஆழத்தில் கிழங்கைப் படுக்கவைத்து மூடுங்கள். ஆனி கடைசி, ஆடி நல்ல சமயம். பக்கத்தில் விரல் பருமனுக்கு மேல் போகாத குச்சிகளை நடுங்கள். தடித்த இரும்புக் குழாயை இந்த இலை நுனியால் பிடிக்க முடியாது. மெல்லிய குச்சி, கம்பிவலை, கிளுவை வேலி எதுவானாலும் சரி.

உரம் என்றதும் பூ வருவதற்கு முன்னால் அள்ளிப் போடுகிறோம். காந்தளுக்கு அந்தக் கணக்கு சரிவராது. இந்த வருடப் பூவுக்கான முதல் போன வருட இலைகள் சேர்த்துவைத்தது. பழைய கிழங்கு தன்னிடம் உள்ளதையெல்லாம் கொடுத்துவிட்டுச் சுருங்கி மறைகிறது. அதன் இடத்தில் புதுக்கிழங்கு உருவாகிறது. அது பெருப்பது பூத்து முடியும் நாட்களில்தான். ஆகவே முளைத்து ஒரு சாண் வந்ததும் ஒரு கை மண்புழு உரம், மொட்டு தெரியும்போது இன்னொரு கை. பூ ஓய்ந்த பிறகு கடலைப்பிண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரைப் பத்து மடங்கு நீர் கலந்து, பத்து நாளைக்கு ஒருமுறை, இலை பச்சையாக இருக்கும் வரை ஊற்றுங்கள். பூ போனதும் கொடியை வெட்டி எறிந்துவிடுகிறவர்கள்தான் மறுவருடம் பூக்கவில்லை என்கிறார்கள். இலை மஞ்சளாகத் தொடங்கிய நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். உரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். தொட்டியைத் தாழ்வாரத்து ஓரமாக ஒதுக்கிவைத்து, அடுத்த ஆடி வரை மறந்துவிடுங்கள். கோடையில் பாவம் என்று ஊற்றும் ஒரு குவளைத் தண்ணீர் கிழங்கை அழுகவைத்துவிடும். கருப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு வரும். காந்தளையும் அதன் சொந்தக்காரச் செடிகளையுமே தேடித் தின்கிற புழு அது. மருந்தடிக்காமல் காலையில் குச்சியால் தட்டி எடுத்துவிட்டால் போதும்.

செடி முழுக்க நஞ்சு என்பதையும் சொல்லியாக வேண்டும். கிழங்கும் விதையும் கடுமையான நஞ்சு. உள்ளே இருப்பது கோல்ச்சிசின். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்ணிய இழைகள் உண்டு. அந்த இழைகளைச் சேரவிடாமல் செய்வது இதன் வேலை. அளந்து கொடுத்தால் கவுட் என்ற மூட்டுவலிக்கு மருந்து. 1937இலிருந்து பயிர் ஆராய்ச்சியாளர்கள் இதை வைத்துத் தாவரங்களின் குரோமோசோமை இரட்டிப்பாக்குகிறார்கள். நாம் சாப்பிடும் விதையில்லாத் தர்பூசணிக்குப் பின்னாலும் இந்த வேலை இருக்கிறது. அளவு மீறினால் உயிர் போகும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் இலங்கையிலும் இங்கும் உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில், ஆடு மாடு புழங்கும் இடத்தில் வைக்காதீர்கள். கிழங்கைத் தொட்டால் கை கழுவுங்கள். கைவைத்தியமாக யார் என்ன சொன்னாலும் வாயில் வைக்காதீர்கள்.

இந்த மருந்துக்காகவே மூலனூர், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பக்கங்களில் காந்தளைக் காடு காடாகப் பயிரிடுகிறார்கள். காலை நேரத்தில் கூலியாட்கள் ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறார்கள். விதை கிலோ ஆயிரக்கணக்கில் விலைபோகிறது. விலை ஏறும்போதெல்லாம் காட்டில் இருக்கும் கிழங்கையும் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய வருத்தம். நம் பக்கத்தில் நடப்பது வேறு மாதிரி. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை மனை போடுகிறவர்கள் முதலில் செய்யும் வேலை, பொக்லைனை விட்டுப் 'புதர் அடிப்பது'. சூரையும் காரையும் வேரோடு போகும்போது அதற்குள் தூங்கும் காந்தள் கிழங்கும் போய்விடுகிறது. பிறகு அதே மனையின் வாசலில் வெளிநாட்டுப் புல் விரித்து, நாளுக்கு இருவேளை தண்ணீர் அடிக்கிறோம். மாநில மலரைப் பாடப்புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, வேலி போட்டு, 'நஞ்சு, தொடாதே' என்று பலகையும் வைத்து, பூங்காவில் ஒரு மூலையில் நாலு கொடி வளர்த்துக் காட்டினால் என்ன? சிங்கப்பெருமாள் கோவில் குன்றைச் சுற்றி வருகிறவர்கள், சன்னிதிக்குப் பின்னால் இருக்கும் அழிஞ்சில் மரத்தில் வேண்டிக்கொண்டு கயிறு கட்டுகிறார்கள். அந்த நம்பிக்கை அழிஞ்சிலைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. காந்தளுக்கு அப்படி யாரும் இல்லை.

வாசகிக்குக் கிழங்கு அனுப்ப முடியவில்லை, என்னிடம் இருப்பது தூக்கத்தில் இருக்கிறது. நான் கைப்பட மகரந்தம் சேர்த்த ஒரு பூ காயாகி வெடித்ததில் பதினாறு விதை கிடைத்தது. ஆரஞ்சு நிறத்தில், மிளகளவு. அதில் பாதியைத் தாள் பொட்டலமாகக் கட்டி, வெளியே 'நஞ்சு' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். முளைக்கத் தாமதமாகும், பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும். முதல் வருடம் புல் மாதிரி இரண்டு மூன்று இலைதான் வரும் அம்மா. களை என்று நினைத்து யாரும் பிடுங்கிவிடாமல் தொட்டியில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள்.