ஒரு படம், நாலு வரி

கேமரா வாங்கியவர்களும் எழுத ஆசைப்படுபவர்களும் ஒரே குறையைச் சொல்வார்கள்: "நம்ம ஊர்ல எடுக்கறதுக்கும் எழுதறதுக்கும் என்ன இருக்கு?" ஆந்திரத்தில், சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில் இருக்கும் குடிபாலாவில் இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே காதில் விழும். திருப்பதிக்கும் காணிப்பாக்கத்துக்கும் போகிறவர்கள் படமாக எடுத்துத் தள்ளுகிறார்கள். குடிபாலாவில் மாந்தோப்பு, கடலைக்காடு, கரும்பு, டீக்கடை, பஸ் ஸ்டாப். இதில் எதை எடுப்பது, எதை எழுதுவது என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. உத்வேகம் வந்தபிறகு வேலையைத் தொடங்குவோம் என்று காத்திருப்பவருக்கு அது வருவதே இல்லை. தினமும் ஒரு சின்ன விதியை வைத்துக்கொண்டு விளையாடுபவரைத் தேடி அது தானாக வருகிறது. கண்ணுக்கு ஒரு விளையாட்டு, சொல்லுக்கு ஒரு விளையாட்டு. இரண்டையும் வாழ்நாள் முழுக்க விளையாடிக் காட்டியவர் ஒருவர் நம்மிடையே இருந்தார்.

காகத்தை எழுதியவர்

மா.கிருஷ்ணன் 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் கடைசிப் பிள்ளை. தாவரவியலும் சட்டமும் படித்தார். சண்டூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவர், அதன்பிறகு யாரிடமும் சம்பளத்துக்குப் போகவில்லை. எழுத்து, படம், கோட்டோவியம் இவற்றை நம்பியே வாழ்ந்தார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-ல் தொடங்கிய அவருடைய பத்தி, 1996-ல் அவர் இறக்கும்வரை வந்துகொண்டிருந்தது. நாற்பத்தாறு ஆண்டுகள்!

அந்தப் பத்தியில் புலியும் யானையும் வரும். ஆனால் அதன் நிரந்தர நாயகர்கள் காகம், மைனா, அணில், சுவர்ப்பல்லி, ஓட்டுக்கூரையில் ஓடும் மரநாய், வீட்டில் வளர்ந்த ஆடு, புறா ஆகியவைதான். மயிலாப்பூர்ப் பக்கம் இருந்த தன் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்தபடி பார்க்கக் கிடைப்பவை. இவற்றை வைத்து ஒருவர் நாற்பத்தாறு ஆண்டுகள் எழுத முடிந்ததென்றால், குடிபாலாவின் ஒரு தெருவுக்கு எத்தனை ஆண்டுகள் ஆயுள் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கருவி விஷயத்திலும் அவர் நமக்கு நல்ல வழிகாட்டி. ஒரு கேமராவின் உடல், வேறொன்றின் லென்ஸ் என்று பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய பெரிய கேமரா ஒன்றை வைத்திருந்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று செல்லப்பெயரும் சூட்டியிருந்தார். கருப்பு வெள்ளையில்தான் எடுப்பார். பத்மஸ்ரீ விருதும் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு, முதுமையில் தமிழில் ஒரு துப்பறியும் நாவல் எழுதினார்: 'கதிரேசன் செட்டியாரின் காதல்'. காட்டுயிர் பற்றி உலகம் மதிக்க எழுதிய மனிதர், துப்பறியும் கதையை ஆசைக்கு எழுதிப் பார்க்கிறார். விளையாட்டு மனம் வற்றாமல் இருந்ததால்தான் பார்வையும் வற்றவில்லை என்று நான் நம்புகிறேன்.

பத்தி எழுதுகிறவர் கெடு தேதி வந்தால் எதையாவது எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கட்டாயம் கண்ணைத் திறந்து வைக்கிறது. இன்று என்ன எழுதுவது என்று தேடுகிறவனுக்குத்தான் பல்லியின் வால் கண்ணில் படும்.

ஜன்னலும் பஸ்ஸும்

பக்கத்தில் இருப்பதையே திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு உலகம் முழுக்கச் சான்று உண்டு. செக் நாட்டின் பிராக் நகரில் யோசெஃப் சுடெக் என்றொரு புகைப்படக்காரர். முதல் உலகப்போரில் வலக்கையை இழந்தவர். 1940 முதல் 1954 வரை தன் ஸ்டூடியோ ஜன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் படிந்த பனி, வெளியே ஒரு கோணல் மரம், ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர். அந்த வரிசை இன்று புகைப்பட வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

எழுத்தில் இதற்கு இணை, பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ 1947-ல் வெளியிட்ட புத்தகம். பாரிஸ் பஸ்ஸில் ஒருவன் பக்கத்தில் நிற்பவரோடு சண்டை போடுகிறான், இடம் கிடைத்ததும் உட்கார்ந்துவிடுகிறான், பிறகு வேறொரு இடத்தில் மறுபடி கண்ணில் படுகிறான். விஷயம் அவ்வளவுதான். அதை 99 விதமாக எழுதினார். அவரும் நண்பர் பிரான்சுவா லெ லியோனேவும் 1960-ல் ஒரு குழு தொடங்கினார்கள். விதி வைத்துக்கொண்டு எழுதுவதே அந்தக் குழுவின் வேலை. அதிலிருந்து வந்த ஜார்ஜ் பெரெக், 1969-ல் 'e' என்ற எழுத்தே இல்லாமல் ஒரு முழு நாவலை எழுதினார். பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் எழுத்து அது.

இதைப் படித்துவிட்டு வியப்பவர்கள் நம் வாசலையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அவதானம் வாழும் மண்

ஆந்திரத்தில் அவதானம் இன்னும் உயிரோடு இருக்கும் கலை. அஷ்டாவதானத்தில் எட்டுப் பேர் அவதானியைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு விதத்தில் மடக்குவார்கள். ஒருவர் சம்பந்தமே இல்லாத நாலு சொற்களைக் கொடுத்து, இவற்றை வைத்து இன்ன பொருளில் பாடு என்பார். அது தத்தபதி. இன்னொருவர் அர்த்தமற்றதாகத் தோன்றும் ஓர் அடியைக் கொடுத்து, அதற்கு அர்த்தம் வரும்படி மேலே நிரப்பச் சொல்வார். அது சமஸ்யை. வேறொருவர், அவதானி அடுத்து எந்த எழுத்துக்குப் போவார் என்று ஊகித்து அந்த எழுத்தையே தடை செய்வார். அது நிஷித்தாட்சரி. இன்னும் ஒருவருக்கு வேலையே நடுவில் புகுந்து வம்பு பேசிக் கவனத்தைக் கலைப்பதுதான். எல்லாம் முடிந்தபின் அத்தனை பாடலையும் நினைவிலிருந்து ஒப்பிக்க வேண்டும்.

தமிழிலும் இந்த மரபு உண்டு. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் கவனித்துச் சதாவதானி ஆனார். காளமேகப் புலவரிடம் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் பாட்டாகத் திரும்பி வந்தது. துறைமங்கலம் சிவப்பிரகாசர், உதடு ஒட்டாமலும் குவியாமலும் சொல்லக்கூடிய எழுத்துகளை மட்டும் கொண்டு ஓர் அந்தாதியே பாடினார். பெரெக்குக்கு முந்நூறு ஆண்டுகள் முன்னால். நம் காலத்தில் சுஜாதா, 'கற்றதும் பெற்றதும்' பத்தியில் வாசகர்களை வெண்பா எழுதத் தூண்டினார். எழுதியவர்கள் எல்லோரும் புலவர்கள் அல்ல. வங்கியிலும் ஆபீஸிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாதாரண வாசகர்கள்.

அதனால் விதி வைத்து எழுதும் விளையாட்டை நாம் எங்கிருந்தும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. குடிபாலாக்காரருக்கோ தெலுங்கு அவதானமும், இப்படி விதி வைத்துப் பாடும் தமிழ்ச் சித்திரகவியும் சேர்ந்தே கிடைக்கின்றன.

படத்திலிருந்து வரிக்கு

செய்து பார்த்தால்தான் இது புரியும். ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்.

ஜூன் மாதம். கிளிமூக்கு மாங்காய் சீசன். இந்தப் பக்கத்தில் பெங்களூரா என்பார்கள், தெலுங்கில் தோத்தாபுரி. தோப்பு ஓரம் ஓர் அம்மா உட்கார்ந்து காய்களைத் தரம் பிரித்துச் சாக்கில் போடுகிறார். முகத்தை விட்டுவிடுங்கள். கையை மட்டும் எடுங்கள். காம்பு ஒடியும்போது கசியும் பால் விரல் இடுக்கில் கறுத்துக் கிடக்கிறது. புறங்கையில் அது பட்டு வெந்த தழும்பு. காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழுவதால் கையின் ஒவ்வொரு கோடும் எழும்பித் தெரியும். அதே கையை மதியம் எடுத்தால் எல்லாம் வெளுத்துப் போயிருக்கும்.

இப்போது விதி: உதடு சேரக் கூடாது. ப, ம, வ கிடையாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ வரிசையும் கிடையாது. மாங்காய் என்றே எழுத முடியாது. அம்மாவும் போயிற்று, பாலும் போயிற்று. மிச்சம் இருக்கும் எழுத்துகளோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினால் இப்படி வருகிறது:

சாக்கில் காய்கள்.
கையில் காயின் கறை.
கறை காய்ந்த கையால்
காசை எண்ணினாள்.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உதடு ஒட்டாது. இதை நான் பெரிய கவிதை என்று சொல்ல வரவில்லை. விதி என்ன செய்தது என்று பாருங்கள். விதி இல்லாமல் எழுதியிருந்தால் "உழைக்கும் கரங்கள் உயர்ந்தவை" என்று ஏதாவது பழகிய வரி வந்து விழுந்திருக்கும். அந்த வழியை விதி அடைத்துவிட்டது. கறையும் காசும் ஒரே கையில் இருப்பதை அப்போதுதான் கண்டுகொள்கிறோம். 2025 சீசனில் காய் விலை சரிந்து, டிராக்டர்கள் ஜூஸ் ஃபேக்டரி வாசலில் வரிசையில் காத்துக் கிடந்ததை அறிந்தவருக்கு அந்தக் கடைசி வரியின் பாரமும் தெரியும்.

அதே காய்க்கு ஒரு விடுகதையும் போடலாம்: "மூக்கு உண்டு, மூச்சு இல்லை; பழுத்தபின் டின்னில் ஏறிக் கப்பலில் போகும்." மாம்பழக் கூழ் இங்கிருந்து கடல் கடந்து போகிறது என்பதை ஒரு குழந்தை இந்த விடுகதையில் கற்றுக்கொண்டுவிடும்.

வீட்டிலும் வகுப்பிலும்

தொடங்குவதற்குச் சில வழிகள் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு பொருள் போதும்: இந்த வாரம் கதவு, அடுத்த வாரம் நிழல், அதற்கடுத்து தண்ணீர். ஒரு நாளைக்கு எத்தனை படம் வேண்டுமானாலும் எடுங்கள், இரவில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுங்கள். பிலிம் காலத்தில் சுருளுக்கு 12 அல்லது 36 படம்தான். அந்தக் கட்டுப்பாடு தந்த கவனத்தை நாமே வரவழைத்துக்கொள்ள இது ஒரு வழி. எடுக்கும் முன் லென்ஸை வேட்டி நுனியால் துடையுங்கள். குழந்தையை எடுத்தால் குழந்தையின் கண் உயரத்துக்குக் குனியுங்கள். படத்தில் யாருடைய கை இருந்தாலும் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததை அவர்களிடம் காட்டுங்கள். கௌண்டின்யா காட்டிலிருந்து யானை இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் மட்டும் போனோடு ஓடாதீர்கள். சித்தூர் மாவட்டத்தில் யானையிடம் உயிர் போயிருக்கிறது. அந்தப் படம் நமக்கு வேண்டாம்.

எழுத்துக்கு அவதானத்தையே வீட்டுக்குக் கொண்டு வரலாம். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு சொல் கொடுக்க வேண்டும். பாட்டி 'அம்மி' என்பார், பையன் 'சார்ஜர்' என்பான், அப்பா 'ரசீது', அக்கா 'மின்மினி'. நாலும் வரும்படி அன்றைய படத்துக்கு நாலு வரி எழுதுங்கள். வகுப்பில் ஆசிரியர் கெனோவின் வழியைப் பிடிக்கலாம். சித்தூர் பஸ்ஸில் கூடைக்காரிக்கும் கண்டக்டருக்கும் சில்லறைத் தகராறு. அதைக் கூடைக்காரி சொல்வதுபோல் ஒருவர், கண்டக்டர் டிப்போவுக்கு எழுதும் விளக்கக் கடிதமாக ஒருவர், தாலாட்டாக ஒருவர், அந்தக் கூடையே பேசுவதுபோல் ஒருவர். தப்பு, சரி என்ற பேச்சே எழாது. சிரிப்பு எழும். எழுதப் பயந்த பிள்ளை எழுதிவிடும்.

ஏன் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்

இந்த விளையாட்டு எல்லா ஊருக்கும் நல்லதுதான். குடிபாலாவுக்கு மட்டும் இன்னொரு காரணமும் இருக்கிறது.

சித்தூர் மாவட்டம் 1911-ல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்த தாலுகாக்களையும் சேர்த்து உருவானது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதோடு போயிற்று. 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. கோடு எப்படிப் போனாலும் குடிபாலாவின் பல வீடுகளில் பேச்சு தமிழ்தான். ஆனால் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும், கடைப்பலகையில் தெலுங்கு, போனில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு. தமிழை நன்றாகப் பேசத் தெரிந்து எழுதத் தெரியாத பிள்ளைகள் வளர்கிறார்கள். தெலுங்கு அவர்களுக்கு நிச்சயம் வேண்டும், அது அவர்கள் மண்ணின் மொழி. தமிழ் எழுத்து கைவிட்டுப் போவதுதான் எனக்கு வலிக்கிறது.

பாடப்புத்தகத்தைக் காட்டி அந்தப் பிள்ளையை அழைத்தால் வரமாட்டான். அவனே எடுத்த படத்தைக் காட்டி, "இதுக்கு நாலு வரி எழுது, ஆனா 'க' வரக்கூடாது, பார்க்கலாம்" என்று சவால் விட்டால் உட்கார்ந்துவிடுவான். 'க' வரக்கூடாது என்றால் முதலில் 'க' எது என்று தெரிந்திருக்க வேண்டுமே! ஒவ்வொரு எழுத்தையும் அவன் தேடிப் பிடித்துப் பார்த்தாக வேண்டும். இதைவிட நல்ல எழுத்துப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் நடக்கும். கிளிமூக்குக் காய் தரம் பிரிக்கும் கை, வெல்லம் காய்ச்சும் கொப்பரை, கடலைக்காட்டில் களை எடுக்கும் பெண்கள், இரண்டு மொழியிலும் ஒரே மூச்சில் பேரம் பேசும் சந்தை. இவற்றை வெளியூர்ப் பத்திரிகைக்காரரோ சினிமாக்காரரோ வந்து பதிவு செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது. இங்கே வாழ்பவர்கள், அவரவர் போனில், அவரவர் எழுத்தில் பதிவு செய்தால்தான் உண்டு.

எனவே வரும் மாங்காய் சீசன் வரை காத்திருக்காதீர்கள். பள்ளி நோட்டு ஒன்றை எடுங்கள். இன்றைக்கு ஒரு படம், அதற்கு நாலு வரி, கீழே தேதியும் ஊர்ப்பெயரும். ஒரு வருடம் கழித்து அந்த நோட்டு குடிபாலாவின் சரித்திரத்தில் ஒரு பக்கமாகியிருக்கும். அதை எழுதியவருக்கு, என்ன இருக்கிறது நம் ஊரில் என்ற கேள்வியே மறந்திருக்கும்.