இழுவைப் போட்டி டிராக்டருக்கு எஞ்சின் மெஷினிஸ்டைத் தேர்ந்தெடுத்தல்

டிராக்டர் இழுவைப் போட்டி என்பது, எடை ஏற்றிய சறுக்கு வண்டி ஒன்றை மண் தடத்தில் ஒரு டிராக்டர் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்கிறது என்பதை அளக்கும் மோட்டார் விளையாட்டு ஆகும். அமெரிக்காவில் 1929ஆம் ஆண்டிலேயே இத்தகைய போட்டிகள் நடந்துள்ளன. விதிகளை ஒரே சீராக்க 1969இல் தேசிய டிராக்டர் இழுப்போர் சங்கம் தொடங்கப்பட்டது. ஒகையோ, இந்தியானா, கென்டக்கி போன்ற மாநிலங்களில் விவசாயக் கண்காட்சிகளோடு சேர்த்து இன்றும் இப்போட்டி நடத்தப்படுகிறது. போட்டியாளர்களில் பலர் விவசாயிகள். டிராக்டரின் பெரும்பாலான வேலைகளை அவர்களே தம் கொட்டகையில் செய்துகொள்வர். ஆனால் சிலிண்டரைக் கடைவது, கிராங்க் ஷாஃப்டைச் சாணை பிடிப்பது, சுழலும் பாகங்களைச் சமன் செய்வது ஆகியவற்றுக்குப் பெரிய எந்திரங்கள் தேவை. தமிழ்நாட்டில் ரீபோரிங் பட்டறை எனப்படும் இடத்தின் வேலைதான் இது. அதைச் செய்பவர் மெஷினிஸ்ட். போட்டியாளர் பிறர் கையில் ஒப்படைக்கும் முதன்மையான வேலை இதுவே என்பதால், ஆளைத் தேர்ந்தெடுப்பதில் பிழை நேர்ந்தால் ஒரு பருவம் முழுவதும் வீணாகக்கூடும். இனி வார்க்கப்படாத பழைய எஞ்சின் பிளாக்கையே இழக்கவும் நேரிடலாம்.

எஞ்சின் படும் பாடு

சறுக்கு வண்டியின் மேல் உள்ள எடைப் பெட்டி, தொடக்கத்தில் அவ்வண்டியின் பின் சக்கரங்களுக்கு மேல் இருக்கும். வண்டி நகர நகர அது முன்னோக்கி ஏறி வரும். சுமை சக்கரங்களிலிருந்து முன்புறத் தட்டுக்கு மாற, தட்டு மண்ணில் அழுந்தி இழுவைத் தடை கூடிக்கொண்டே போகும். பல போட்டிகளில் 300 அடி, அதாவது சுமார் 91 மீட்டர் கடந்தால் அது 'முழு இழுப்பு'. ஓட்டம் ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. அந்த நேரம் முழுவதும் எஞ்சின் உச்ச விசையில் இருக்கும். இறுதியில் சுமை மிஞ்சிச் சுழற்சி வேகம் சரியும்போதும் அது திணறாமல் முறுக்கு விசை தர வேண்டும்.

கார்ப் பந்தயத்துக்கு எஞ்சின் அமைப்பவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இங்கே தடுமாறுவதற்கு இதுவே காரணம். கார் எஞ்சின் குறுகிய வீச்சும் உயர்ந்த சுழற்சியும் கொண்டது. பழைய டிராக்டர் எஞ்சினின் இயல்பு வேறு. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1939 முதல் 1952 வரை தயாரித்த ஃபார்மால் எம் டிராக்டரை எடுத்துக்கொள்ளலாம். பழைய டிராக்டர்களுக்கான போட்டிகளில் இது அடிக்கடி காணப்படும் வகை. அதன் நான்கு சிலிண்டர்களின் விட்டம் 3.875 அங்குலம், பிஸ்டன் வீச்சு 5.25 அங்குலம், கொள்ளளவு 248 கன அங்குலம். தொழிற்சாலை நிர்ணயித்த வேகம் நிமிடத்துக்கு 1450 சுற்று. இதை இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால், பிஸ்டனின் எடை கனெக்டிங் ராடை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். அந்த ராடும் அதன் போல்ட்டுகளும் வயலில் நாள் முழுக்க மெதுவாக உழுவதற்காகச் செய்யப்பட்டவை.

ஆகவே ஒரு பட்டறையில் முதலில் கேட்க வேண்டியது, இதே வகை எஞ்சினை அவர்கள் இதற்கு முன் செய்திருக்கிறார்களா என்பது. செய்த எஞ்சின்கள் எந்த டிராக்டரில், எந்தப் பிரிவில் ஓடுகின்றன என்று தெரிந்தால் மைதானத்துக்கே போய்ப் பார்த்துவிடலாம். ஒரு நாள் வென்ற டிராக்டரைவிட, பருவம் முழுவதும் எஞ்சினைக் கழற்றாமல் ஓடிய டிராக்டரே நல்ல சான்று. கோப்பைகள் அடுக்கிய அலமாரியைக் காட்டும் பட்டறைகள் பல உண்டு. அக்கோப்பைகளில் ஓட்டுநர், டயர், மண் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்பது அலமாரியைப் பார்த்துத் தெரியாது.

அளவெடுக்கும் பழக்கம்

புதிய கணினி எந்திரங்கள் நிறைந்த பட்டறையே சிறந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மை. கனமான டிராக்டர் பிளாக்கை ஏற்றவும், நீண்ட கிராங்க் ஷாஃப்டைச் சுழற்றவும் போதிய அளவுள்ள எந்திரம் அவசியம். கார் எஞ்சினுக்கென வாங்கிய சாணை எந்திரத்தில் ஆறு சிலிண்டர் டீசல் கிராங்க் அடங்காமல் போகலாம். ஆனால் அதற்கு மேல், வேலையின் தரத்தைத் தீர்மானிப்பது வெட்டுவதற்கு முன்னும் பின்னும் நடக்கும் அளவீடுதான்.

வார்ப்பின்போது உள்ளச்சு சற்று நகர்ந்திருந்தால் சிலிண்டர்ச் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. மீயொலிக் கருவியால் சுவரின் தடிமனைப் பல இடங்களில் அளந்த பிறகே எவ்வளவு கடையலாம் என்று ஒரு நல்ல மெஷினிஸ்ட் சொல்வார். அளக்காமலேயே "இந்த மாடலில் எப்போதும் இவ்வளவு எடுப்போம்" என்பவரிடம் பிளாக்கை விட்டுவிட்டு வருவது ஆபத்து. கிராங்க், ராடு, பிளாக் ஆகியவற்றில் மயிரிழை விரிசல் உள்ளதா என்று காந்தத் துகள் முறையில் பார்ப்பதும் முதல் வெட்டுக்கு முன்பே நடக்க வேண்டியது. விரிசல் விழுந்த கிராங்குக்குச் சாணைக் கூலி கொடுப்பது வீண் செலவு.

பிஸ்டன்கள் கையில் வந்து சேரும் வரை இறுதிக் கடைசலைத் தொடங்க மறுப்பதும் நல்ல அடையாளம். பெட்டியின் மேல் அச்சிட்ட அளவும் பிஸ்டனின் உண்மையான அளவும் சிறிது வேறுபடலாம். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்குரிய சிலிண்டரை அதற்கேற்ப ஹோனிங் செய்வதே முறை. சிலிண்டர் ஹெட்டை இறுக்கும்போது பிளாக் மிக நுண்ணிய அளவில் கோணுவதால், ஹெட்டுக்குப் பதில் கனத்த இரும்புத் தகட்டை அதே போல்ட்டுகளால் அதே அளவு இறுக்கிவிட்டு ஹோனிங் செய்வர். அப்போதுதான் எஞ்சின் பூட்டிய பிறகு சிலிண்டர் வட்டமாக நிற்கும். அந்த மாடலுக்குரிய தகடு பட்டறையில் உண்டா, இல்லையேல் செய்து தருவார்களா என்று கேட்டாலே அவர்களின் அனுபவம் ஓரளவு வெளிப்பட்டுவிடும்.

லைனர் உள்ள டீசல் எஞ்சின்களில் கவனம் வேறிடத்தில் குவிகிறது. லைனர் உட்காரும் படி சமமாக இருக்க வேண்டும். பிளாக்கின் மேல்தளத்துக்கு மேலே லைனர் நீட்டிக்கொண்டிருக்கும் உயரம் எல்லாச் சிலிண்டர்களிலும் ஒன்றுபோல் அமைய வேண்டும். இந்த உயரம் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். அதில் ஏற்றத்தாழ்வு இருந்தால் டர்போவின் அழுத்தம் ஹெட் கேஸ்கெட்டைப் பிய்த்துவிடும்.

கிராங்கும் சமநிலையும்

கொள்ளளவைக் கூட்ட, கிராங்கின் ராடு ஜர்னலை மையம் விலக்கிச் சாணை பிடித்து வீச்சை நீட்டுவது உண்டு. ஜர்னல் பக்கச் சுவரைச் சந்திக்கும் மூலையில் வளைவு சரியாக விடப்படாவிட்டால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். இந்த வேலையை உள்ளூர் மெஷினிஸ்ட் தாமே செய்ய வேண்டும் என்பதில்லை. கிராங்கையும் கேம் ஷாஃப்டையும் அதற்கென்றே உள்ள பட்டறைகளுக்கு அனுப்புவது வழக்கம். யாருக்கு அனுப்புகிறார் என்பதை மறைக்காமல் சொல்பவரே நம்பத்தக்கவர். திரும்பி வந்ததை அவர் மறுபடி அளக்கிறாரா என்பதும் கேட்க வேண்டியதே.

சமன் செய்யும்போது ஃபிளைவீலும் கிளட்சும் சேர்ந்தே போக வேண்டும். வார்ப்பிரும்பு ஃபிளைவீல் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் சுழன்றால் சிதறக்கூடும். ஓட்டுநரின் இருக்கை அதிலிருந்து சில அடி தூரத்தில்தான் உள்ளது. வேகம் மிகுந்த பிரிவுகளில் எஃகு ஃபிளைவீலும் சிதறல் தடுப்பு உறைகளும் கட்டாயம் என விதிகள் சொல்வது இதனால்தான். பழைய ஃபிளைவீலைப் பார்த்துவிட்டு "இதை வைத்துக் கட்டித் தர மாட்டேன்" என்று மறுக்கும் மெஷினிஸ்ட் வாடிக்கையாளரை இழக்கலாம். ஆனால் போட்டியாளர் தேட வேண்டியது அவரைத்தான்.

விதிப்புத்தகமும் வேலைச் சீட்டும்

ஒவ்வொரு பிரிவுக்கும் எடை, கொள்ளளவு ஆகியவற்றுக்கு வரம்பு உண்டு. சான்றாக, தேசிய சங்கத்தின் புரோ ஸ்டாக் பிரிவில் கொள்ளளவு வரம்பு 680 கன அங்குலம். சிறு சங்கங்களின் விதிகள் ஊருக்கு ஊர் மாறும். ஃபார்மால் எம்மின் சிலிண்டரை 4 அங்குலமாக்கினால் கொள்ளளவு 264 ஆகும், 4.125 ஆக்கினால் 281ஐ நெருங்கும். ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு டிராக்டரை வேறு பிரிவுக்குத் தள்ளிவிடலாம். எனவே விதிப்புத்தகத்தின் படி ஒன்றை மெஷினிஸ்டிடம் கொடுத்துவிடுவது போட்டியாளரின் பொறுப்பு.

போட்டி எஞ்சின் வேலைக்கு உத்தரவாதம் பொதுவாக எதிர்பார்க்க முடியாது. அதனால் எழுத்தில் இருப்பதுதான் பிற்பாடு துணை நிற்கும். என்னென்ன வேலை, எந்த அளவுக்கு, எப்போது முடியும் என்பவற்றோடு ஒவ்வொரு சிலிண்டரின் விட்டம், ஒவ்வொரு ஜர்னலின் அளவு, பேரிங் இடைவெளி ஆகியவை வேலைச் சீட்டில் இருக்க வேண்டும். ஜர்னல் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பொதுக் கணக்கு. போட்டி எஞ்சினுக்குச் சிலர் சற்றுக் கூடுதலாக விடுவர். எவ்வளவு விட்டார், ஏன் விட்டார் என்பது சீட்டில் இல்லாவிட்டால், எண்ணெய் அழுத்தம் குறையும்போது காரணம் தேட வழியில்லை.

வெளிமைதானப் போட்டிகள் கோடையில் நடப்பதால், இலையுதிர் காலம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எஞ்சினைக் கழற்றுகிறார்கள். குளிர்கால மாதங்களில் நல்ல பட்டறைகளில் இடம் கிடைப்பது அரிது. உடனே எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் பட்டறைக்கு ஏன் வேலை இல்லை என்று விசாரிப்பது தகும். புதிதாகத் தொழில் தொடங்கிய திறமைசாலியாகவும் இருக்கலாம் என்பதால் அதையே குறையாகக் கொள்ளவும் கூடாது.

முதல் பருவம் முடிந்து எஞ்சினைத் திறக்கும்போது பழைய பேரிங்குகளை எறிந்துவிடாமல், எந்தச் சிலிண்டருக்கு உரியது என்று குறித்துப் பட்டறைக்கு எடுத்துச் செல்வது நல்லது. பேரிங் ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம் அல்லது ஜர்னல் கூம்பியிருக்கலாம். வரிசையாக நடு பேரிங்குகள் மட்டும் தேய்ந்திருந்தால் பிளாக்கின் நேர்கோடு பிசகியிருக்கலாம். அவற்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தம் பழைய சீட்டை எடுத்து ஒப்பிடும் மெஷினிஸ்டிடமே அடுத்த குளிர்காலத்துக்கும் பெயர் பதிந்துவிட்டு வரலாம்.