வீட்டுப் பாம்புக்கு உடல்நலம் சரியில்லையா? மூத்தோர் கவனத்திற்கு

ஜார்ஜ்டவுனிலும் சுற்று வட்டாரத்திலும் அடுக்குமாடி வீடுகளில் பாம்பு வளர்க்கும் இளையோரை இப்போது காண முடிகிறது. வளர்ப்பவர் பேரனாகவோ பேத்தியாகவோ இருக்கலாம். ஆனால் அவர்கள் காலையில் வேலைக்குப் போய்விட்டால், மாலைவரை அந்தக் கண்ணாடித் தொட்டியுடன் வீட்டில் இருப்பவர் நீங்கள்தான்.

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் முனகும். பூனை மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். பாம்பு எதையும் காட்டிக்கொள்ளாது. காட்டில் சோர்ந்து கிடக்கும் பாம்பைப் பருந்தோ உடும்போ தூக்கிவிடும் என்பதால், நோயை மறைப்பது அதன் இயல்பு. வெளியே தெரியும்போது நோய் தொடங்கிப் பல நாள்கள் ஆகியிருக்கும். பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் உங்கள் கண்ணுக்குத்தான் முதல் மாற்றம் படும். பாம்பைத் தொட வேண்டிய அவசியமில்லை. பார்த்தாலே போதும்.

அசையாமல் கிடந்தால் நோயா?

பெரும்பாலும் இல்லை. பாயான் லெப்பாஸ் பக்கம் உள்ள பாம்புக் கோயிலுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அங்கே பச்சை விரியன்கள் கிளைகளில் மணிக்கணக்கில் சிலைபோல் கிடக்கும். ஊதுவத்திப் புகையில் மயங்கிக் கிடப்பதாகப் பலர் சொல்வார்கள். உண்மையில் அந்த இனம் இரவில் இரை தேடுவது. பகலில் ஒரே இடத்தில் ஓய்ந்திருப்பதுதான் அதன் வழக்கம். அவற்றுக்கு நஞ்சு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுவது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ‘பால் பைத்தான்’ என்னும் நஞ்சில்லாத சிறிய மலைப்பாம்பு. (பெயரைக் கேட்டு இது பால் குடிக்கும் பாம்பு என்று எண்ண வேண்டாம். பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் வைத்த பெயர் அது.) இதுவும் பகலில் சுருண்டு படுத்திருக்கும். வளர்ந்த பாம்புக்கு ஒன்று அல்லது இரண்டு வாரத்திற்கு ஒரு முறை இரை போதும். சில சமயம் பல வாரங்கள் சாப்பிடாமலும் இருக்கும். அப்போது கவனிக்க வேண்டியது எடையை. 1,500 கிராம் இருந்த பாம்பு 1,350 கிராமுக்கும் கீழே இறங்கிவிட்டால், அல்லது முதுகெலும்பு மேடாகத் தெரிந்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாவு நிறுக்கும் தராசில் பாம்பை நிறுக்க விடாதீர்கள். அதற்கெனத் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளட்டும்.

கண் பால் பூத்ததுபோல் நீலம் கலந்த வெண்மையாக மாறினால் புரை விழுந்துவிட்டது என்று பதற வேண்டாம். அது சட்டை உரிக்கப் போவதன் அடையாளம். சில நாளில் கண் தெளியும், பிறகு சட்டை உரியும். நல்ல ஆரோக்கியமான பாம்பின் சட்டை ஒரே உறையாகக் கழன்று வரும். உரிந்த சட்டையில் தலைப் பகுதியைப் பாருங்கள். இரண்டு சிறிய வட்டக் கண்ணாடி போன்ற படலங்கள் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை கண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கிள்ளி எடுக்க யாரும் முயலக் கூடாது. பார்வையே போய்விடும்.

உடனே சொல்ல வேண்டிய அறிகுறிகள்

முதலாவது, மூச்சு. வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, தலையை மேல்நோக்கித் தூக்கியே வைத்திருப்பது, மூக்கில் குமிழி, வாயில் கோழை, மூச்சில் ‘களக் களக்’ என்ற ஈரச் சத்தம். இவை சுவாசத் தொற்றின் அறிகுறிகள். நாம் இருமிச் சளியைத் துப்பிவிடுவோம். பாம்பால் அப்படிச் செய்ய முடியாது. சளி உள்ளேயே தங்கி நிமோனியாவாக மாறும். எனவே ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விடக்கூடாத அறிகுறி இது.

நம் ஊரில் இதற்கு ஒரு முக்கியக் காரணம் ஏர்கோன். பால் பைத்தானுக்குத் தொட்டியின் ஒரு பக்கம் 31 அல்லது 32 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மறுபக்கம் 25 முதல் 27 வரை இருக்கலாம். பினாங்கின் இயல்பான வெப்பம் இதற்கு ஓரளவு ஒத்துப்போகும். ஆனால் இரவெல்லாம் 20 டிகிரியில் ஏர்கோன் ஓடும் படுக்கையறையில் தொட்டியை வைத்தால், பாம்பின் உடம்பும் அதே அளவுக்குக் குளிர்ந்துவிடும். இரை செரிக்காது, நோய் எதிர்ப்பு சக்தியும் குறையும். காற்று வறண்டுபோவதால் சட்டையும் துண்டு துண்டாக உரியும். தொட்டியின் இரு பக்கமும் ஒரு சாதாரண வெப்பமானி இருந்தால், காலையும் இரவும் நீங்கள் பார்த்துச் சொல்லலாம்.

மற்றவை: ஈறு சிவந்து வாயில் தயிர்க்கட்டி போன்ற சீழ், வயிற்றுச் செதில்களில் கொப்புளம், தின்ற இரையைக் கக்குதல், நிமிர முடியாமல் தலை பின்னால் வளைந்துபோதல். தண்ணீர்க் கிண்ணத்திலேயே எந்நேரமும் கிடந்தால் உண்ணி பிடித்திருக்கலாம். மிளகை இடித்துத் தூவியதுபோல் சின்னஞ்சிறு கறுப்புப் புள்ளிகள் தண்ணீரில் மிதக்கிறதா என்று பாருங்கள்.

உண்ணிக்கு வீட்டிலுள்ள பூச்சி மருந்தை அடிப்பது பாம்பைக் கொன்றுவிடக்கூடும். டிங்கிக் காய்ச்சலுக்காக உங்கள் வட்டாரத்தில் புகை அடிக்க வரும்போதும் இதே ஆபத்து உண்டு. வீட்டில் பாம்பு இருப்பதை ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். புகை அடங்கி வீடு காற்றோட்டம் பெறும்வரை பாம்பை மூடிய பெட்டியில் வெளியே வைத்திருக்கும்படி வளர்ப்பவரிடம் கூறுங்கள். பிறகு தண்ணீரை மாற்ற வேண்டும்.

என்ன செய்வது?

பால் ஊற்ற வேண்டாம். புற்றுக்குப் பால் வார்ப்பது வழிபாடு. ஆனால் பாம்பின் வயிற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. நல்லெண்ணெய், மஞ்சள், உங்கள் வீட்டில் மீந்திருக்கும் மருந்து மாத்திரை எதுவும் வேண்டாம். கக்கிய பாம்புக்கு உடனே மறுபடியும் இரை கொடுக்கக் கூடாது.

கால்நடை மருத்துவர்கள் எல்லாரும் பாம்பைப் பார்ப்பதில்லை. புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பாம்பைத் தலையணை உறையில் விட்டு வாயை முடிச்சிட்டு, காற்றுத் துளையுள்ள பெட்டிக்குள் வைத்து, காருக்குள் கொண்டுபோக வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. கடைசியாக எப்போது தின்றது, எடை எவ்வளவு, தொட்டியின் வெப்பம் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். மூச்சு விடும் விதத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்தால், மருத்துவருக்கு அது பெரிய உதவி.

உங்கள் உடல்நலம்

நலமாக இருக்கும் பாம்பின் மலத்திலும் தோலிலும்கூட சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கலாம். அது பாம்பை ஒன்றும் செய்யாது. மனிதருக்கு 6 மணி நேரம் முதல் 6 நாள்களுக்குள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி வரும். இளையோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். 65 வயதைக் கடந்தவர்கள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், இனிப்புநீர் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோருக்குக் கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தகையோர் உள்ள வீட்டில் பாம்பு வளர்க்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. ஏற்கெனவே இருந்தால், தொட்டியைக் கழுவுவது உங்கள் வேலையல்ல, அதை வளர்ப்பவரிடமே விட்டுவிடுங்கள். அடுப்படித் தொட்டியில் பாம்பின் கிண்ணத்தைக் கழுவக் கூடாது. இரைக்கான உறைந்த எலியை மீன், கோழியோடு ஒரே ஐஸ்பெட்டியில் வைக்கவும் கூடாது. உறைய வைப்பதால் கிருமி சாகாது. பாம்பையோ தொட்டியையோ தொட்டால், சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவுங்கள். வயிற்றுப்போக்குடன் கிளினிக்கிற்குப் போனால், ‘வீட்டில் பாம்பு இருக்கிறது’ என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் கேட்காமலும் விட்டுவிடலாம்.

பாம்பு எங்கிருந்து வந்தது என்பதையும் பேரனிடம் கேளுங்கள். 2010 ஆகஸ்டில் கோலாலம்பூர் விமான நிலையத்தில், பினாங்கிலிருந்து புறப்பட்ட ஒருவரின் பயணப்பை கிழிந்து உள்ளிருந்த 95 போவா பாம்புகள் பிடிபட்டன. அப்படித் திணித்துக் கடத்தப்படும் பாம்புகள் நோயோடுதான் வந்து சேரும். அந்த இனத்திற்கு உரிமம் தேவையா என்பதைப் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வளர்ப்பு மலைப்பாம்பு கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, கிளினிக்கிற்குச் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை அங்கே சொல்ல வேண்டும். கடித்தது எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள்.