பட்டனை இரண்டு முறை அழுத்தினால் என்ன ஆகும்?

பிள்ளையின் கல்விக் கட்டணத்தைக் கைபேசியில் கட்டுகிறோம். 'பணம் செலுத்து' என்ற பட்டனை அழுத்தியாகிவிட்டது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் போனதா இல்லையா என்று தெரியவில்லை. பொறுமை இழந்து இன்னொரு முறை அழுத்துகிறோம். சற்று நேரத்தில் வங்கியிலிருந்து இரண்டு குறுஞ்செய்திகள் வருகின்றன. பணம் இருமுறை எடுக்கப்பட்டுவிட்டது!

நாம் அவசரப்பட்டதுதான் தவறு என்று நம்மையே நொந்துகொள்கிறோம். ஆனால் அந்தத் திரையை உருவாக்கியவர்கள் செய்யத் தவறிய ஒரு வேலையும் இதில் இருக்கிறது. நம் வீடுகளில் கணினி படிக்கும் பிள்ளைகள் பெருகியுள்ள இந்தக் காலத்தில், அது என்ன வேலை என்று அறிந்துகொள்வது நல்லது.

நான்கு குறிப்புகள், 16 குழப்பங்கள்

புதிதாக மென்பொருள் எழுதுபவர்கள் திரையைக் கட்டுப்படுத்த 'ஆம், இல்லை' குறிப்புகளை வைத்துக்கொள்வார்கள். அனுப்பிக்கொண்டிருக்கிறதா? முடிந்துவிட்டதா? பிழை வந்ததா? பட்டன் பூட்டப்பட்டிருக்கிறதா? குறிப்புகள் நான்குதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடைகள் என்பதால் மொத்தம் 16 சேர்க்கைகள் உருவாகின்றன. 'வெற்றிகரமாக முடிந்தது, பிழையும் வந்தது' போன்ற அர்த்தமற்றவையும் அவற்றில் அடக்கம். எங்கோ ஓர் இடத்தில் ஒரு குறிப்பை மாற்ற மறந்தால் போதும், திரை அப்படியொரு சேர்க்கையில் மாட்டிக்கொள்ளும்.

இதற்கான தீர்வுகளில் ஒன்றுதான் 'ஸ்டேட் மெஷின்'. நிலைகளை வைத்து இயங்கும் முறை என்று சொல்லலாம். லிஃப்டை எடுத்துக்கொள்வோம். அது நின்றிருக்கும்போது கதவு திறக்கும் பட்டனை அழுத்தினால் திறக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது அதே பட்டனை அழுத்தினால் திறக்காது. பட்டன் ஒன்றுதான், ஆனால் லிஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது என்பதே பதிலைத் தீர்மானிக்கிறது.

பணம் செலுத்தும் திரைக்கும் இப்படியே நிலைகளை வகுக்கலாம்: நிரப்புதல், அனுப்புதல், முடிந்தது, தோல்வி. ஒரு நேரத்தில் ஒரு நிலை மட்டுமே இருக்க முடியும். 'நிரப்புதல்' நிலையில் பட்டனை அழுத்தினால் 'அனுப்புதல்' நிலைக்குப் போகும். 'அனுப்புதல்' நிலையில் அழுத்தினால் எங்கும் போகாது, ஏனெனில் அப்படி ஒரு வழியே எழுதப்படவில்லை. நாம் பத்து முறை அழுத்தினாலும் ஒரே கட்டணம்தான் போகும்.

இப்படி எழுதும்போதுதான் ஒரு கேள்வி எழுகிறது. வங்கியிடமிருந்து பதிலே வராவிட்டால்? அதைத் 'தோல்வி' என்று காட்டுவது தவறு, பணம் போயிருக்கவும் கூடும். எனவே 'சரிபார்த்தல்' என்று ஐந்தாவது நிலை ஒன்று தேவை. விடுபட்டதைக் கண்ணுக்குக் காட்டுவதே இம்முறையின் பெரிய பயன். எனினும் திரையை மட்டும் நம்பக் கூடாது, ஒரே கட்டணத்தை இருமுறை ஏற்காத ஏற்பாடு வங்கியின் பக்கமும் இருக்க வேண்டும்.

உயிரைப் பறித்த திரை

பணம் போனால் திரும்பப் பெறலாம். உயிர்?

தெராக்-25 என்பது கனடாவில் தயாரான புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு இது அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது.

1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்ததைப் பார்ப்போம். எலக்ட்ரான் சிகிச்சைக்கு 'இ' என்ற ஆங்கில எழுத்தைத் தட்ட வேண்டிய பணியாளர், எக்ஸ்-கதிருக்கான 'எக்ஸ்' எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே கவனித்துத் திருத்தியும்விட்டார். திரை திருத்தப்பட்ட எழுத்தையே காட்டியது. ஆனால் உள்ளே காந்தங்கள் அமைய ஏறத்தாழ 8 விநாடிகள் ஆகும். அதற்குள் செய்த திருத்தத்தை மென்பொருள் முழுமையாகக் கவனிக்கவில்லை. திரை ஒரு நிலையைக் காட்ட, இயந்திரம் வேறு நிலையில் இருந்தது. 'கோளாறு 54' என்று மட்டும் செய்தி வந்தது. அதன் பொருள் பணியாளருக்குத் தெரியாது. தொடரும்படி கட்டளையிட்டார், நோயாளி மீது மீண்டும் கதிர் பாய்ந்தது. அடுத்த மாதம் அதே மருத்துவமனையில் இன்னொருவருக்கும் இதே கதி. இருவருமே பின்னர் இறந்தனர்.

முந்தைய மாதிரிகளில் இருந்த இயந்திரத் தடுப்புகளை நீக்கிவிட்டு மென்பொருளையே நம்பியது உட்பட இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் 'அமைத்துக்கொண்டிருக்கும்போது திருத்தினால் என்ன ஆகும்?' என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதே நமக்கான பாடம்.

நிலைகள் பெருகினால்?

பெரிய மென்பொருளில் நிலைகள் நூற்றுக்கணக்கில் பெருகும். 1987இல் டேவிட் ஹாரெல் என்ற கணினி அறிஞர் 'ஸ்டேட்சார்ட்' எனும் வரைபட முறையை வெளியிட்டார். ஒரு நிலைக்குள் சிறு நிலைகளை அடக்கவும், ஒரே நேரத்தில் இயங்கும் பகுதிகளைத் தனித்தனியே வரையவும் இது உதவுகிறது. இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2015இல் இதன் அடிப்படையில் ஒரு தரத்தையும் வெளியிட்டது.

கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். நிரல் எழுதும் முன் ஒரு தாளை எடுங்கள். இடப்பக்கம் நிலைகளையும், மேலே பயனர் செய்யக்கூடியவற்றையும் எழுதிக் கட்டம் போடுங்கள். ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். 'எதுவும் நடக்காது' என்பதும் ஒரு விடைதான், அதையும் எழுதுங்கள். நீங்கள் உருவாக்கும் திரையின் மறுபக்கம் ஒருவரது உழைப்பின் பணமோ உயிரோ இருக்கலாம்.

பெற்றோருக்கும் ஒன்று: வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் மீண்டும் அழுத்தாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். எல்லாத் திரைகளும் இப்படிக் கவனமாக எழுதப்பட்டவை அல்ல!