நேற்றிரவு ஏறிய ஒன்றரைக் கிலோ

சென்ற வைகாசியில் கும்பகோணத்தில் நெருங்கிய உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், முகூர்த்தத்தன்று காலைச் சிற்றுண்டியையும் நண்பகல் விருந்தையும் இரவுச் சாப்பாட்டையும் ஒன்றுவிடாமல் முடித்துக்கொண்டு, ரயிலேறி ஊர் திரும்பி, விடிந்ததும் விடியாததுமாகப் பல் துலக்கிய கையோடு எடை மெஷின்மீது ஏறி நின்றபோது, ஊருக்குப் புறப்பட்ட அன்று 81.4 என்று காட்டிய அதே கண்ணாடிப் பலகை இப்போது 82.9 என்று காட்டிற்று. ஆறு வாரமாக விடியற்காலையில் நடந்து, காப்பிக்குச் சர்க்கரையை நிறுத்தி, இரவில் சோற்றைக் கைப்பிடியளவாகச் சுருக்கி, நான் பாடுபட்டு இறக்கியது மொத்தமே இரண்டரைக் கிலோ. அதில் ஒன்றரைக் கிலோ ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் திரும்பி வந்துவிட்டதென்றால் இந்த விரதமும் நியமமும் யாருக்காக என்ற விரக்தியோடு சமையலறைக்குப் போய், காப்பியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடச் சொன்னேன்.

என் மனைவி சர்க்கரை டப்பாவைத் தொடவில்லை. "ஊறுகாயும் அப்பளமுமா அவ்வளவு சாப்பிட்டீங்களே, அது வேறே எங்கே போகும்? அந்த மோதிரத்தைக் கழட்டுங்க பார்ப்போம்" என்றாள். கழற்றப் பார்த்தேன், பத்து நாளாக விரலில் தளர்ந்து சுழன்றுகொண்டிருந்த மோதிரம் கணுவுக்குக் கீழே சிக்கிக்கொண்டு அசைய மறுத்தது. குனிந்து பார்த்தால், கணுக்காலில் காலுறையின் விளிம்பு அழுத்திய தடம், காலுறையைக் கழற்றி ஒரு மணி நேரம் ஆன பிறகும், வாய்க்கால் வெட்டினாற்போல் பதிந்திருந்தது. ஒரே இரவில் விரலிலும் கணுக்காலிலும் போய்த் தங்குவது கொழுப்பாக இருக்க முடியுமா என்ற சந்தேகம் அப்போதுதான் எனக்கு எழுந்தது.

சந்தேகத்தைத் தீர்க்கக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே உத்தமம். உடலில் சேரும் கொழுப்பு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பது உணவியலார் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. ஒன்றரைக் கிலோ சேர வேண்டுமானால், அன்றாடத் தேவைக்கு உண்ண வேண்டியதை உண்டு முடித்த பிறகு, அதற்கு மேல் பதினோராயிரத்து ஐந்நூறு கலோரி உண்டிருக்க வேண்டும். இட்லி ஒன்றுக்கு ஐம்பது கலோரி என்று வைத்துக்கொண்டால் அது 230 இட்லி. கல்யாணத்தில் நான் பாயசத்தை இரண்டு முறை வாங்கிக்கொண்டது உண்மைதான்; ஆனால் 230 இட்லி தின்றவன் ரயிலேறி ஊர் வந்து சேர்ந்திருக்க மாட்டான்.

அப்படியானால் ஏறியது எது? மெஷினுக்குக் கொழுப்பென்றும் நீரென்றும் சோறென்றும் பேதம் கிடையாது. மூட்டையைத் தூக்கிப் போட்டால் மூட்டையின் எடையைச் சொல்லும். உள்ளே அரிசி எவ்வளவு, உமி எவ்வளவு என்று கேட்டால் அதற்குத் தெரியாது. பெரும்பகுதி நீராலாகிய நமது சரீரத்தில் அந்த நீரின் அளவை நாள்தோறும் ஏற்றி இறக்குகிறவற்றில் முதலாவது உப்பு. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றுகிற ஸலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பதன் காரணம், நம் இரத்தத்தின் உவர்ப்புக்கு ஏறக்குறைய அதுவே பொருத்தமான விகிதம் என்பதுதான். அந்த விகிதத்தைக் காப்பதில் உடல் மிகவும் பிடிவாதமுள்ளது. வழக்கத்துக்கு மேல் 9 கிராம் உப்பு உள்ளே வந்துவிட்டால், சிறுநீரகம் அதை வெளியேற்றி முடிக்கும்வரை, தாகத்தைக் கிளப்பியும் சிறுநீரைச் சுருக்கியும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீரைத் தேக்கிவைத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாம்பாரும் வத்தக்குழம்பும் ரசமும் வடையும் அப்பளமும் இரண்டு வகை ஊறுகாயுமாக மூன்று வேளை பந்தியில் உட்கார்ந்தவன் எத்தனை கிராம் உள்ளே தள்ளியிருப்பான் என்பதை, இரவு ரயிலில் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தும் அடங்காத என் தாகமே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் சற்றுச் சூட்சுமமானது. சோறு, இட்லி, ரொட்டி முதலியவற்றின் மாவுச்சத்தை உடல் உடனே செலவழிக்காத பட்சத்தில், கிளைகோஜன் என்ற உருவில் ஈரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் வரை சேமித்துவைக்கிறது. இந்தச் சேமிப்பு வறண்ட சேமிப்பல்ல, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் நீரையும் கூடவே கட்டிவைப்பது. களஞ்சியம் நிரம்பியிருப்பவனுக்கும் காலியானவனுக்கும் கொழுப்பில் கடுகளவும் வித்தியாசமில்லாமலே ஒன்றரை, இரண்டு கிலோ எடை வித்தியாசம் இருக்கக்கூடும். ஆறு வாரமாகச் சோற்றைச் சுருக்கிக் களஞ்சியத்தைப் பாதி காலி செய்து வைத்திருந்த நான், ஒரே நாளில் அதை நிரப்பிக்கொண்டு வந்திருந்தேன்.

"ஏழே நாளில் மூன்று கிலோ" என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களின் இரகசியமும் இதுதான். சோற்றை அடியோடு நிறுத்தினால் முதல் வாரத்தில் களஞ்சியம் காலியாகி, அதனோடு கட்டுண்ட நீரும் வெளியேறி, மெஷின் மளமளவென்று இறங்கும். பணம் கட்டியவர் பரவசமடைவார். இரண்டாவது வாரத்தில் இறக்கம் நின்றுபோனதும் தமது மன உறுதிதான் குலைந்துவிட்டதென்று அவர் தம்மையே நொந்துகொள்வார். அவரிடம் குற்றம் ஒன்றுமில்லை; வடிய வேண்டிய நீர் வடிந்துவிட்டது, அவ்வளவே.

மூன்றாவது காரணத்தை நாகரிகம் கருதிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: உண்ட உணவு வயிற்றையும் குடலையும் கடந்து வெளியேற ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம், மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு அதற்கும் மேல். அதுவரை அதுவும் நம் எடைதான்.

இவ்வளவையும் மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகு, எடை குறைக்க விரும்புகிறவரின் தினசரி ஆதாயம் எவ்வளவு என்று பார்த்தால்தான் நம் சஞ்சலத்தின் அபத்தம் விளங்கும். நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து உண்பதென்பது எளிய காரியமன்று. அதைத் தவறாமல் செய்கிறவருக்கு ஒரு நாளில் கரையக்கூடிய கொழுப்பு 65 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு கோழிமுட்டையின் எடை. என் வீட்டு மெஷினோ நூறு நூறு கிராமாகத்தான் காட்டும். முட்டையளவுக் குறைவை, இரண்டு கிலோ மேலும் கீழும் ஆடுகிற நீரின் ஊடே, முட்டையை விடப் பெரிய படிக்கற்களால் நிறுத்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று தினமும் காலையில் நாம் பிடிவாதம் பிடிக்கிறோம். கண்டுபிடிக்க முடியாதபோது துக்கப்படுகிறோம்.

சரீரத்தின் இந்த ஊசலாட்டத்தை முதன்முதலில் பொறுமையாக அளந்த மனிதர் ஒருவர் உண்டு. இத்தாலியில் பதுவா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வைத்திய ஆசிரியராக இருந்த சாந்தோரியோ என்பவர், ஒரு பெரிய தராசின் கோலில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தபடியே உண்டும், உண்டதையும் பருகியதையும் கழித்ததையும் தனித்தனியே நிறுத்தும், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தம்மைத் தாமே எடைபோட்டு வந்ததாகச் சொல்வார்கள். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு இடித்தது. எட்டுப் பங்கு உள்ளே போனால் ஐந்து பங்கு கண்ணுக்குத் தெரியாமலே மறைந்துபோகிறது என்று கண்டு, அதைப் புலப்படாத வியர்வை என்று அழைத்து, 1614-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். போதுமான அளவு உண்டதும் நாற்காலி தாழ்ந்து எச்சரிக்கும்படியும் அவர் அமைத்திருந்தாராம். நம் கல்யாணப் பந்திகளில் அத்தகைய நாற்காலி ஒன்றிரண்டு இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அவர் கண்ட மறைவு இன்றும் நடக்கிறது. இரவு படுக்கப் போகுமுன்னும், காலையில் எழுந்து குளியலறைக்குப் போகுமுன்னும் எடை பார்த்தேன். ஒன்றும் செய்யாமல் தூங்கிக் கிடந்த ஏழு மணி நேரத்தில் 400 கிராம் காணாமற் போயிருந்தது. மூச்சின் ஈரமாகவும் தோலின் ஆவியாகவும் போனதே அதில் பெரும்பகுதி. கரைகிற கொழுப்புங்கூட வியர்வையாக வழிந்தோடுகிறதென்று நாம் நினைத்திருக்க, 2014-இல் ரூபென் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இரு ஆஸ்திரேலியர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அணுவணுவாகக் கணக்கிட்டு, பத்துக் கிலோ கொழுப்பில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சின் வழியே வெளியேறுகிறதென்றும், எஞ்சிய 1.6 கிலோதான் நீராகிறதென்றும் காட்டினார்கள். ஆகவே அக்கினி நட்சத்திர வெயிலில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து, சட்டையைப் பிழிந்தபடி மெஷினில் ஏறி, முக்கால் கிலோ குறைந்ததென்று மகிழ்கிறவர் ஒரு சொம்பு நீர்மோர் குடிப்பதற்குள் அந்த மகிழ்ச்சியை அனுபவித்துக்கொள்வது நல்லது.

பெண்களுக்கு இந்த ஊசலாட்டத்தின்மேல் இன்னொரு ஊசலாட்டம் உண்டு. மாதவிடாய்க்கு முந்திய சில நாட்களில் பலருக்கு நீர் தேங்கி எடை ஏறும். பிறகு தானே வடியும். இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடு ஒப்பிட்டு வருந்துவதை விட்டு, இந்த மாதத்தின் அதே நாட்களைச் சென்ற மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுவதே அவர்களுக்கு நியாயமான அளவை. புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவர்களுக்கும், வழக்கமில்லாத உழைப்பால் நோவெடுத்த தசைகள் நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால், முதல் வாரத்தில் எடை ஏறுவதுண்டு. "பயிற்சி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று அந்த வாரத்தோடு விட்டுவிட்டவர்களை நான் அறிவேன்.

நீரின் எடைதானே என்று எல்லோரும் அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. டயாலிஸிஸ் செய்துகொள்ளும் என் நண்பர் ஒருவருக்கு வைத்தியர் "உலர் எடை" என்று ஓர் எண்ணைக் குறித்துக் கொடுத்திருக்கிறார். ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் நடுவே அந்த எண்ணுக்கு மேல் ஏறுவது அநேகமாக முழுதும் வெளியேற வழியில்லாத நீர். ஆதலால் அவர் குடிக்கும் தண்ணீரை டம்ளர் கணக்கில் அளந்து குடிக்கிறார். இருதயம் பலவீனப்பட்டவர்களையும் தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்லி, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, காலில் வீக்கமும் மூச்சுத் திணறலும் கண்டாலோ உடனே வந்து காட்டும்படி வைத்தியர்கள் சொல்வார்கள். நாம் புறக்கணிக்க வேண்டிய அதே ஏற்றம் அவர்களுக்கு அபாய அறிவிப்பாகிவிடுகிறது.

மற்றவர்கள் என்ன செய்வது? தினமும் பார்ப்பதா, வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பதா என்பதில் இரு கட்சிகள் உண்டு. வாரத்துக்கு ஒரு முறை என்பவர்கள் மனநிம்மதியைக் கருதிச் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு நாள் கல்யாணத்துக்கு மறுநாளாக அமைந்துவிட்டால் ஒரு வாரத்து உழைப்பின்மீதே பொய்ச்சாட்சி விழும். எனக்கு உகந்தது தினமும் பார்த்து, தினமும் எழுதி, எந்த நாளின் எண்ணையும் தனியே நம்பாமலிருக்கிற வழி. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளை உலகுக்குத் தந்த ஆட்டோடெஸ்க் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவராகிய ஜான் வாக்கர், தம் பருமனைக் குறைத்த அனுபவத்தை 1991-இல் ஒரு நூலாக எழுதியபோது சொன்ன உபாயம் மிகவும் சுலபமானது: எடை போகும் திசையைக் காட்டப் "போக்கு எண்" என்று ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, நேற்றைய போக்கு எண்ணுக்கும் இன்று மெஷின் காட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் அந்த எண்ணோடு கூட்டியோ கழித்தோ கொள்வது. என் போக்கு எண் 81.7; மெஷின் காட்டியது 82.9, வித்தியாசம் 1.2, அதில் பத்திலொன்று 0.12. ஆகவே கல்யாணத்தின் பலனாக நான் ஏறியது, இந்தக் கணக்கில், நூற்றிருபது கிராம். கணக்கில் நாட்டமில்லாதவர்கள் ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, வாரச் சராசரியை வாரச் சராசரியோடு ஒப்பிட்டால் போதும்.

மெஷினைப் பாயின்மேலோ விரிப்பின்மேலோ வைக்காமல் தரையில் ஒரே இடத்தில் வைத்து, காலைக்கடன் முடித்து, ஒன்றும் பருகுமுன், ஒரே மாதிரி உடையில் ஏற வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. எண் பிடிக்கவில்லையென்று இறங்கி மறுபடி ஏறுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இக்கால மெஷின்களில் சில, உடனே மறுபடி ஏறினால் முந்திய எண்ணையே நினைவில் வைத்துத் திரும்பச் சொல்லும், இரண்டாம் சாட்சி முதல் சாட்சியின் எதிரொலியேயன்றி வேறில்லை. எந்த எண்ணைக் கண்டாலும் அன்று முழுதும் சாப்பாடு இறங்காமல் போகிற அளவுக்கு மனம் நோகிறவர்கள், மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, மாதமொரு முறை தையற்காரர் டேப்பால் இடுப்பை அளந்துகொள்ளலாம். நம் தேசத்து ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருப்பது நல்லதென்பது வைத்தியர்கள் வைத்திருக்கிற எல்லை. நேற்றைய ஊறுகாயால் அந்த அளவு அவ்வளவாக மாறாது.

சர்க்கரையில்லாத காப்பியைக் குடித்துவிட்டு அன்றும் நான் நடக்கத்தான் போனேன். மறுநாள் 82.3, அதற்கடுத்த நாள் 81.8, மோதிரமும் அன்று கழன்றது. நான்காம் நாள் 81.5. கல்யாணத்துக்கு முந்திய வாரத்தின் சராசரி 81.7 ஆக இருந்தது, கல்யாண வாரத்தில் 81.9 ஆகி, அடுத்த வாரம் 81.3-க்கு வந்து நின்றது. நோட்டில் இந்த மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அடிக்கோடிட்டபோது, ஏற்றத்தைக் கண்டு கலங்காத ஞானம் எனக்குக் கைவந்துவிட்டதென்றே நினைத்தேன்.

அதற்கு மறுநாள் காலை மெஷின் 80.6 என்று காட்டிற்று. எண்பது என்ற எண்ணை நான் கண்டு எத்தனையோ வருஷங்களாயின, பேனாவைத் தேடக்கூடப் பொறுக்காமல், "எண்பது புள்ளி ஆறு!" என்று கூடத்திலிருந்தே உரக்கச் சொன்னேன்.

"நேத்து ஏகாதசி" என்றாள் அவள், அடுப்படியிலிருந்து.