அடைமழையிலும் ஆடட்டும் வீட்டு நாய்!

ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டு ராஜபாளையம் நாய் ஓட இடமில்லாமல் வீட்டையே இரண்டு பண்ணும். அதற்காகத் தேங்கிய தண்ணீரில் அழைத்துப் போகாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். நாய்க்குத் தடுப்பூசி உண்டு, வருஷந்தோறும் போட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் நான் செய்வது இதுதான். அதன் சாப்பாட்டைச் சின்னக் கிண்ணங்களில் பிரித்து, கட்டிலடியிலும் கதவு மூலையிலும் ஒளித்துவைத்து, "தேடுடா!" என்பேன். மோப்பம் பிடித்துத் தேடினாலே நன்றாகக் களைத்துவிடும். ஒளித்துவைக்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். துண்டைப் பிடித்து இழுக்கும் விளையாட்டு பெரியவர்களுக்கே. மொசைக் தரை வழுக்கும், ரப்பர் விரிப்பு போடுங்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம் நாய்க்கு விஷம், பரிசாகக்கூடக் கொடுக்காதீர்கள்.

வேளைக்குப் பத்து நிமிஷம், நாளைக்கு மூன்று வேளை போதும். அப்புறம் பாருங்கள், வாசல் செருப்பெல்லாம் தப்பிக்கும்!